எழுபத்தொரு சதவீதம்

வரைபடம் பெரிது, கடையிலிருந்த தாள் சிறிது.
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஜெசிந்தா
எழுபத்தொன்று என்று அழுத்தினாள்.
மலை சுருங்கி வெளியே வந்தது,
சூடாக, ஒரே தாளில்.
ஓரத்திலிருந்த அளவுகோடு இடைஞ்சலாக இருந்ததாம்,
அதையும் வெட்டிவிட்டாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
மின்வாரிய அலுவலக மேசையில்
துப்பட்டாவிலிருந்து ஒரு நூலை உருவி
கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு முனையை நகத்தால் அழுத்தி
பாதை வளையும் இடமெல்லாம் வளைத்து
போய்ச் சேருமிடத்தில் முடிச்சுப் போட்டேன்.
நிமிர்த்தி ஸ்கேலில் வைத்தால் பன்னிரண்டு.
ஆறு கிலோமீட்டர்.
"மூணு மணிக்குக் கிளம்பினாலே போதும்," என்றாள் ரங்கநாயகி.
"வெயில் தாழட்டும்."

கூடாரத்துக்கு இடமும் நான்தான் பார்த்தேன்.
கோடுகள் நெருங்கினால் செங்குத்து,
விலகினால் சமதளம்.
ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே
கோடுகளெல்லாம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல
தள்ளித் தள்ளி நின்றன.
பக்கத்தில் ஒரு ஓடை.
பென்சிலால் முக்கோணம் போட்டேன்,
மனை வாங்கியவள் மாதிரி அன்று வீடு திரும்பினேன்.

அசல் படத்தில் ஓடை நீலம், உயரம் பழுப்பு, வழி சிவப்பு.
ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு.
ஐந்தரைக்கு
நாங்கள் நடந்துகொண்டிருந்த பாதையில் தண்ணீர் வந்தது.
எங்கள் பாதையில் அதற்கென்ன வேலை என்று
கொஞ்ச நேரம் அதன்மீது கோபப்பட்டோம்.

ஆறரைக்கு இருட்டு.
நூல் தீர்ந்துவிட்டது, மலை தீரவில்லை.
இந்தப் பக்கம் காப்பித் தோட்டத்து முள்வேலி,
அந்தப் பக்கம் சரிவு.
எங்கோ ஒரு கிளை முறிந்தது.
காட்டெருமையா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் அதுவாகிவிடும்.

இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்தோம்.
புளிசாதமும் நேந்திரம் சிப்ஸும்,
டார்ச்சை வாயில் கவ்வியபடி.
பிறகு இரண்டு கோடுகளுக்கு இடையில் படுத்தோம்,
தலை ஒரு உயரத்திலும் கால் ஒரு உயரத்திலுமாக.
தூக்கத்தில் மூவரும் மெல்ல மெல்ல இறங்கி
விடியும்போது கால்மாட்டுத் துணிச்சுவரில்
அரிசி மூட்டைகளாக ஒட்டிக் கிடந்தோம்.

நடுவில் ஒருமுறை எழுந்து வெளியே போனேன்.
கீழே சேலம் முழுசாகக் கிடந்தது.
ஐந்து ரோடு இதுவாக இருக்கலாமென்று ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு
அங்கிருந்து காற்றில் விரலை நகர்த்தி
எங்கள் தெருவைத் தேடினேன்.
இரண்டு மாதத்துக்கொருமுறை அந்த விளக்குகளுக்குக்
கணக்கெழுதுகிறவள் நான்.
ஒன்றைக்கூட அடையாளம் தெரியவில்லை.

காலையில் இன்னும் இரண்டரை கிலோமீட்டர்.
முக்கோணம் போட்ட இடம் இருந்தது,
சமதளமாக, ஓடையோடு, படத்தில் கண்டபடியே.
முழுக்கச் சாமை.
புரட்டாசிக் கதிர், பனி உலராமல் தலைசாய்ந்து.
மலையில் தட்டையாக ஒரு துண்டு நிலம் இருந்தால்
அதைக் கண்டுபிடிக்க
யாரும் வரைபடத்துக்குக் காத்திருக்கவில்லை.

வரப்பில் குந்தியிருந்தவர் பெயர் காராளன்.
மடியில் கவண்.
"ராத்திரி எங்க தங்குனீங்க?"
கையைக் காட்டினோம்.
"அந்தச் சரிவுலயா?"
சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று.
"பன்னி வருதுன்னு விடிய விடிய கல்லு வீசிக்கிட்டு இருந்தேன்.
இருட்டுல சலசலன்னா விடுறதுதான்,
பன்னி என்ன, ஆளு என்ன."

ஓடையில் டம்ளர் கழுவிக்கொண்டே,
திரும்பிப் பார்க்காமல்,
ஜெசிந்தா அப்போதுதான் சொன்னாள்
அந்த எழுபத்தொன்றை.

ரங்கநாயகி திட்டத் தொடங்கினாள்.
நான் பையைக் கவிழ்த்து நூலைத் தேடினேன்.
அடியில் கிடந்தது, நனைந்து.
முடிச்சு இறுகிப்போயிருந்தது.
பல்லால் கடித்துப் பார்த்தேன்,
அவிழவில்லை.